ஆரஞ்சு வயரைத் தொடும் முன்

ஹைபிரிட் கார்கள் நம் சாலைகளிலும் ஓடுகின்றன. ஐ.டி.ஐ. முடித்து ஒர்க்‌ஷாப்பில் சேரும் நம் பிள்ளைகள் ஒருநாள் அவற்றின் பானட்டைத் திறந்தே ஆகவேண்டும். அப்போது அவர்களைக் காப்பது துணிச்சல் அல்ல, அறிவு.

பழைய வண்டிகளில் 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும். டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை பாடியில் மாட்டி, மறுமுனையால் வயரைக் குத்திப் பார்த்தே தொழில் கற்றோம். ஹைபிரிட்டில் இந்தப் பழக்கம் உயிருக்கே உலை வைக்கும்.

டொயோட்டா பிரியஸ் காரின் இரண்டாம் தலைமுறையை எடுத்துக்கொள்வோம். பின்னிருக்கைக்குப் பின்னால் 7.2 வோல்ட் கொண்ட 28 தொகுப்புகள் தொடராக இணைந்து 201.6 வோல்ட் தருகின்றன. அங்கிருந்து ரிலேக்கள் வழியாக இரண்டு ஆரஞ்சு வயர்கள் வண்டியின் அடிப்பகுதியில் ஓடி, முன்னாலுள்ள இன்வெர்ட்டரை அடைகின்றன. அங்கே மின்னழுத்தம் 500 வோல்ட் வரை உயர்ந்து, கிணற்று மோட்டாருக்கு வருவதுபோல மும்முனை மின்சாரமாகி, இரண்டு மோட்டார்களுக்கும் மூன்று மூன்று வயர்களில் போகிறது. ஏ.சி. கம்ப்ரசருக்கும் ஒரு கிளை உண்டு. தனி ஆல்டர்னேட்டர் கிடையாது.

இந்த உயர் அழுத்தப் பாதையின் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டுமே பாடியோடு சேராது. எங்காவது கசிந்தால் வண்டியின் கணினி எச்சரிக்கும். கசிவு எந்த இடத்தில் என்று தேடுவது மெக்கானிக்கின் வேலை.

முதலில் வண்டியை முழுதாக அணைத்து, சாவியைத் தூரமாக வைக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று காற்றடைத்துப் பார்த்து அணிந்து, பேட்டரியில் உள்ள சர்வீஸ் பிளக்கை உருவி நம் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். இன்வெர்ட்டரின் கப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் வடிய டொயோட்டா கையேடுகள் பலவும் 10 நிமிடம் சொல்கின்றன. மீட்டர் பூஜ்ஜியம் காட்டிய பிறகே கை வைக்கலாம்.

சாதாரண மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் கசிவு பெரும்பாலும் தெரியாது. 500 வோல்ட் செலுத்திச் சோதிக்கும் மெக்கர் வேண்டும். கையேடு சொல்லும் வரிசையில் இணைப்புகளைக் கழற்றி, வயர், மோட்டார், கம்ப்ரசர் என்று தனித்தனியே சோதித்தால் பழுதான பகுதி அகப்படும். மின் கம்ப்ரசரில் சாதாரண ஏ.சி. ஆயிலை ஊற்றினாலே கசிவு வரலாம்; அதற்கென உள்ள ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும்.

"சும்மா கையை விட்டுப் பாருடா" என்று எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் ஏவப்படும் கைகள் யாருடையவை என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. கையுறையும் மெக்கரும் முதலாளி காட்டும் சலுகை அல்ல, தொழிலாளியின் உரிமை. அவை இல்லாத இடத்தில் ஆரஞ்சு வயரைத் தொட மறுக்க நம் பிள்ளைகள் பழக வேண்டும். ஏன் மறுக்கிறோம் என்பதை விளக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.