ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஓஎஸ் போடணுமா?

"கம்ப்யூட்டர் ஸ்லோவாயிடுச்சு, ஓஎஸ் மாத்திப் போட்டா சரியாயிடும்." திருவையாறு கடைத்தெருவில் எந்த சர்வீஸ் கடையில் நின்றாலும் இந்த வாக்கியம் காதில் விழும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஃபார்மட் அடிச்சுடணும் என்பதை, வண்டிக்கு ஆயில் மாத்துகிற கணக்கில் சொல்பவர்களும் உண்டு. நான் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறவன் என்பதால் சொந்தக்காரர்கள் என்னிடமும் இதே கேள்வியோடு வருவார்கள். போட்டா வேகமாகுமா? ஆகும். ஆனா எதனால ஆகுது, எத்தனை நாளைக்கு ஆகுது, அதுக்கு நாம என்ன விலை கொடுக்கிறோம் என்பதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போடறது நல்லது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

விண்டோஸ் 95, 98 காலத்தில் இது நியாயமான வைத்தியம்தான். திரையில் தெரியும் ஜன்னல்கள், பட்டன்கள், படங்கள் இவற்றைக் கணக்கு வைத்துக்கொள்ள அந்த ஓஎஸ்களில் வெறும் 64 கேபி அளவுள்ள சில நினைவகப் பகுதிகள்தான் இருந்தன. ரேம் எவ்வளவு போட்டாலும் அந்தப் பகுதி நிரம்பினால் கம்ப்யூட்டர் தடுமாறும். போதாக்குறைக்கு, ஒரு புது புரோகிராம் போட்டால் அது பொதுவான சிஸ்டம் ஃபைல்களைத் தன் இஷ்டத்துக்கு மாத்தி எழுதிவிடும். அதனால் இன்னொரு புரோகிராம் கெட்டுப்போகும். இப்படி ஒரு வருஷம் ஓடிய விண்டோஸ் 98-ஐத் திருத்துவதைவிட புதுசா போடறது சுலபம்.

2001-ல் எக்ஸ்பி வந்தது. அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருந்த என்டி வகை விண்டோஸை வீட்டுக்குக் கொண்டுவந்தது அதுதான். மேலே சொன்ன கோளாறுகளில் பெரும்பகுதி அதோடு போயிற்று. விஸ்டாவிலிருந்து டிஸ்க்கைச் சீராக்கும் வேலையை ஓஎஸ்ஸே வாரத்துக்கு ஒருமுறை தானாகச் செய்துகொள்கிறது. நோய் மாறிவிட்டது, மருந்துச் சீட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்புறம் ஏன் இப்பவும் வேகமாகுது?

ஓஎஸ் புதுசா போடும்போது நாம் எதையும் சேர்ப்பதில்லை, அழிக்கிறோம். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே தானாக எழுந்து ஓடும் பத்துப் பதினைந்து புரோகிராம்கள், உலாவியில் ஒட்டிக்கொண்ட எக்ஸ்டென்ஷன்கள், ரெண்டு ஆன்டிவைரஸ், எப்பவோ வாங்கி எப்பவோ தூக்கிப்போட்ட பிரின்டரின் சாஃப்ட்வேர், எல்லாம் ஒரே அடியில் போகிறது. அதனால் வேகம் வருகிறது. பிறகு அதே புரோகிராம்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுகிறோம். ஆறு மாசத்தில் பழைய கதை.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைத் தூர் வாருவதோடு ஒப்பிட்டுச் சொன்னால் உடனே புரியும். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறக்கும் முன்னால் வாய்க்காலைத் தூர் வாருகிறோம். வண்டல் போனால் தண்ணீர் தடையில்லாமல் ஓடும். ஆனால் வாய்க்காலின் அகலம் கூடுவதில்லை. கம்ப்யூட்டரில் அந்த அகலம் என்பது ரேமும் டிஸ்க்கும்.

ஒரு சின்ன கணக்கு

பழைய லேப்டாப்களில் வழக்கமாக இருப்பது நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க். அதாவது செகண்டுக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். நமக்கு வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வந்துசேர சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லிசெகண்ட் காத்திருக்கணும். ஊசி சரியான தடத்துக்கு நகர இன்னொரு 10, 12 மில்லிசெகண்ட். ஆக, ஒரு சின்ன ஃபைலைத் தேடி எடுக்க சுமார் 17 மில்லிசெகண்ட். செகண்டுக்கு 60 தடவைதான் இப்படி எடுக்க முடியும். ஓஎஸ் எழுந்திருக்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக 6000 துண்டுகளைப் படிக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டால், தேடுவதற்கே 100 செகண்ட் போய்விடும்.

எஸ்எஸ்டி-யில் சுற்றும் தட்டும் கிடையாது, ஊசியும் கிடையாது. ஒரு தேடலுக்கு 0.1 மில்லிசெகண்ட் என்று வைத்தாலும் அதே 6000 துண்டு ஒரு செகண்டுக்குள் முடிந்துவிடும். இந்த வித்தியாசத்தை எத்தனை தடவை ஓஎஸ் போட்டாலும் ஈடுகட்ட முடியாது.

ரேம் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். ரேம் நிரம்பினால் ஓஎஸ் மீதியை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். அந்த டிஸ்க்கும் 60 தடவை டிஸ்க்காக இருந்தால் மவுஸ் நகரவே யோசிக்கும்.

அரசு லேப்டாப்பின் கதை

நம்ம பக்கத்தில் இதுக்கு நல்ல உதாரணம் விலையில்லா லேப்டாப். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டம். எல்காட் மூலம் வாங்கி, அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். தொடக்க மாடல்களில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸோடு, டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. நான் பார்த்த வீடுகளில் அந்த லினக்ஸை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. முதல் தடவை கடைக்குப் போனபோதே அதை அழித்துவிட்டு முழுக்க விண்டோஸ் போட்டுவிட்டார்கள்.

வந்த புதுசில் அந்த லேப்டாப் ஒழுங்காகத்தான் ஓடியது. அதன் வேகம் குறையவில்லை, அதன் மேல் ஏற்றிய சுமைதான் கூடியது. 2011-ன் இணையப் பக்கம் வேறு, இன்றைய பக்கம் வேறு. இன்று உலாவியில் நாலைந்து பக்கம் திறந்தாலே 2 ஜிபி காலி. அதில் விண்டோஸ் 10-ஐ எத்தனை தடவை போட்டாலும் முதல் வாரம் பரவாயில்லை, அப்புறம் அதே கதிதான்.

அதே லேப்டாப்பில் ரேமை 4 ஜிபி ஆக்கி, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 2.5 இன்ச் எஸ்எஸ்டி மாட்டினால், பாடம் படிக்க, ஃபார்ம் நிரப்ப, வீடியோ பார்க்கத் தாராளமாகப் போதும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேணும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேணும். அதனால் இந்த மெஷின்களுக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு மாதிரி எடை குறைந்த ஒன்று பொருத்தம். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் அந்த லேப்டாப்பைப் பழைய இரும்புக்குப் போடவேண்டாம்.

போடறதுக்கு முன்னாடி பாருங்க

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். எதுவும் செய்யாமல் இருக்கும்போதே டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் டிஸ்க்கைச் சந்தேகப்படணும். மெமரி எப்போதும் 90-க்கு மேல் என்றால் ரேம் போதவில்லை. அதே இடத்தில் ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையில்லாததை நிறுத்திவையுங்கள். பாதி வைத்தியம் இங்கேயே முடிந்துவிடும்.

சி டிரைவில் பத்து, பதினைந்து சதவீதமாவது காலியாக இருக்கணும். லேப்டாப் கொதித்தால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அறுவடைக் காலத்தில் நம்ம ஊரில் பறக்கும் வைக்கோல் தூசி ஃபேனில் போய் அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்தாலே வேகம் திரும்பும்.

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச புரோகிராமில் டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். எச்சரிக்கை காட்டினால் ஓஎஸ் போடவே கூடாது. சாகப்போகிற டிஸ்க்கில் பல ஜிபி எழுதுவது அதன் முடிவைச் சீக்கிரம் வரவழைக்கும். முதலில் டேட்டாவை வெளியே எடுக்கணும்.

எப்போது போட்டே ஆகணும்?

வைரஸ் உள்ளே ஆழமாகப் புகுந்திருந்தால், சிஸ்டம் ஃபைல்கள் திருத்த முடியாமல் கெட்டிருந்தால், வேறொருவர் பயன்படுத்திய கம்ப்யூட்டரை வாங்கினால், டிஸ்க்கையே மாத்தினால், தயங்காமல் போடலாம். ஆனால் கிராக் செய்த விண்டோஸ் வேண்டாம். ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும் ஆக்டிவேட்டர் எதைக் கொண்டுவந்து வைக்கிறது என்று யாருக்கும் தெரியாது. விண்டோஸ் 8 முதல் ஓஎஸ்ஸோடு வாங்கிய மெஷின்களில் லைசன்ஸ் சாவி மதர்போர்டிலேயே இருக்கும். அதே பதிப்பைப் போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

போனால் வராதது

"டி டிரைவை விட்டுட்டு சி டிரைவை மட்டும் அழிச்சா போதும்" என்பார்கள். ஆனால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் சி-யில்தான் இருக்கின்றன. ஆராதனைக் கச்சேரியைக் கேசட்டிலிருந்து மாத்தி டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டராக வைத்திருப்பவர்கள் இங்கே உண்டு. டாலியும் நாமாக மாத்தாதவரை கணக்கை சி டிரைவில்தான் வைக்கும். ஒரு அரிசி மண்டியின் வருஷக் கணக்கு ஒரு கிளிக்கில் போய்விடலாம்.

தமிழுக்கென்றே இன்னொரு ஆபத்து இருக்கிறது. டிடிபி கடைகளில் பத்திரிகை, நோட்டீஸ், ஊர்த் தலபுராணம் என்று பல வருஷமாக பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்திருப்பார்கள். அந்த முறையில் ஃபைலுக்குள் தமிழே கிடையாது. பாமினியில் 'அம்மா' என்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துரு அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. எழுத்துருவோ விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கிறது. சி டிரைவை அழித்தால் ஃபைல் இருக்கும், தமிழ் இருக்காது. 'என் ஃபைல்களை வைத்துக்கொள்' என்று ரீசெட் செய்தாலும் நாமாகச் சேர்த்த எழுத்துருக்களுக்கு உத்தரவாதம் இல்லை. எந்த ஃபைல் எந்த எழுத்துருவில் அடித்தது என்ற நினைவும் கடையில் வேலை பார்த்தவரோடு போயிருக்கும்.

2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்கு முன் அடித்ததெல்லாம் தானாக மாறிவிடவில்லை. ஆகவே ஓஎஸ் போடும் முன் விண்டோஸில் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே ஒரு பென்டிரைவில் நகலெடுங்கள். முக்கியமானவற்றை பிடிஎஃப் ஆக்கிவிட்டால் எழுத்துருவும் உள்ளேயே அடங்கிவிடும். நேரம் கிடைக்கும்போது என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றால் யூனிகோடுக்கு மாத்திவையுங்கள்.

என் வரிசை இதுதான்: முதலில் டாஸ்க் மேனேஜர், பிறகு தூசி, பிறகு டிஸ்க்கின் ஆரோக்கியம், பிறகு எஸ்எஸ்டியும் ரேமும். இத்தனைக்கும் பிறகு தேவைப்பட்டால் ஓஎஸ். அதுவும், எடுத்துவைத்த நகலை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்து, தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்று உறுதி செய்த பிறகு.