மேழி பிடித்த கை

இலங்கையின் கிளிநொச்சியில் ஒரு வயல் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். புரட்டாசி வெயில். மழை இன்னும் இறங்கவில்லை. மழைக்காலப் பயிரான காலபோக நெல்லுக்காகக் காய்ந்த மண்ணைப் புழுதியாக உழுதுகொண்டு போனது ஒரு டிராக்டர். அங்கே அதற்கு உழவு இயந்திரம் என்று பெயர்; பேச்சில் ‘உழவு மிசின்’. சக்கரத்தைச் ‘சில்லு’ என்கிறார்கள். சென்னையில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் யாழ்ப்பாணத்துப் பலாலி. அங்கிருந்து ஆனையிறவு தாண்டித் தெற்கே வந்தால் கிளிநொச்சி. இவ்வளவு பக்கத்தில் இருக்கும் வெளிநாட்டில் ஒரு சக்கரத்துக்கு இப்படி அழகான வேறொரு தமிழ்ச் சொல் கிடைத்ததில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

வரப்பில் உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்டார்: “பிள்ளை எங்கயிருந்து வாறியள்?”

“சென்னையிலிருந்து, ஐயா.”

“அப்ப நீங்களும் இந்த மிசினும் ஒரே ஊர்தான்!”

புழுதி படிந்த முன்மூடியைக் காட்டினார். ‘டாஃபே’ என்ற எழுத்துகள் தெரிந்தன. எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகம் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. மந்தைவெளியில் இருக்கும் என் வீட்டிலிருந்து தி. நகர் வழியாக அந்தப் பக்கம் எத்தனை முறை போயிருப்பேன்! டிராக்டரைப் பற்றி ஒருமுறைகூட யோசித்ததில்லை. அதைச் சரியாகப் பார்க்க எனக்குக் கடல் தாண்ட வேண்டியிருந்தது.

குழந்தைகளே, அன்று நான் பார்த்தது டிராக்டரின் முகத்தையல்ல, முதுகை. உண்மையான அறிவியல் அங்கேதான் இருக்கிறது.

சென்னையில் டிராக்டர் செய்யத் தொடங்கிய கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணா சாலையில் சிம்சன் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1840-இல் குதிரை வண்டி கட்டும் நிறுவனமாகத் தொடங்கியது அது. பின்னாளில் அதை நடத்திய அனந்தராமகிருஷ்ணனின் அமால்கமேஷன்ஸ் குழுமம்தான் 1960-இல் டாஃபேயைத் தொடங்கியது. தொழிற்சாலை செம்பியத்தில். மாஸி பெர்குசன் என்ற வெளிநாட்டு டிராக்டரை இங்கே செய்ய ஆரம்பித்தார்கள். இந்தப் பெயரின் பின்பாதியில் ஒரு மனிதர் இருக்கிறார். அவரைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன்.

ஹாரி பெர்குசன் 1884-இல் அயர்லாந்தின் வடபகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பண்ணை வேலை அவருக்குப் பிடிக்கவில்லை, இயந்திரம் பிடித்தது. தானே விமானம் செய்து 1909 டிசம்பர் 31 அன்று பறந்தும் காட்டினார். அயர்லாந்தில் முதன்முதலில் விமானத்தில் பறந்தவர் அவர்தான். முதல் உலகப் போரின்போது உணவுத் தட்டுப்பாடு வந்தது. டிராக்டர் உழவை மேம்படுத்தும் வேலையை அரசு அவரிடம் கொடுத்தது. ஊர் ஊராகப் போய் உழவைப் பார்த்தார். ஒரு பெரிய ஆபத்து அவர் கண்ணில் பட்டது.

அப்போதெல்லாம் கலப்பையை மாட்டுக்குப் பின்னால் கட்டுவதுபோலவே டிராக்டருக்குப் பின்னாலும் கட்டி இழுத்தார்கள். மண்ணுக்குள் ஒரு பாறையில் கொழு, அதாவது மண்ணைக் கிழிக்கும் இரும்பு முனை, மாட்டிக்கொண்டால் மாடு என்ன செய்யும்? நின்றுவிடும். அதற்கு அறிவு உண்டு. எஞ்சின் நிற்காது. பின்சக்கரங்களைச் சுழற்றியே தீருவேன் என்று முயலும். சக்கரம் நகர முடியாதபோது, அந்தச் சுழற்சி வண்டியின் உடம்புக்குத் திரும்பும். முன்பக்கம் மேலே கிளம்பி, வண்டி அப்படியே பின்னால் கவிழ்ந்து ஓட்டுபவர் மேலேயே விழும். மோட்டார் சைக்கிளை வெடுக்கென்று கிளப்பும்போது முன்சக்கரம் தூக்குகிறதே, அதற்கும் இதுவே காரணம். இப்படிப் பல விவசாயிகள் உயிரிழந்தார்கள்.

இரண்டாவது சிக்கலும் உண்டு: சக்கரத்தின் பிடிமானம். அதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஓர் அழிரப்பரை நூலால் கட்டி, நூலின் மறுமுனையில் ரப்பர் பேண்டைக் கோத்து, மேசைமேல் மெல்ல இழுங்கள். அழிரப்பர் நகரத் தொடங்கும்போது ரப்பர் பேண்டு எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பாருங்கள். இப்போது அழிரப்பரின்மேல் நான்கைந்து நாணயங்களை அடுக்கிவிட்டு மறுபடி இழுங்கள். இந்த முறை ரப்பர் பேண்டு இன்னும் நீளும். மேலே எடை ஏற ஏற, கீழே பிடிமானம் கூடுகிறது. இதுதான் உராய்வு. டிராக்டர் சக்கரமும் மண்ணை இறுக்கிப் பிடிக்க வேண்டுமென்றால் அதன்மேல் எடை வேண்டும். சரி, வண்டியைக் கனமாகச் செய்துவிடலாமே? செய்தார்கள். ஆனால் கனமான வண்டி மண்ணை மிதித்து இறுக்கிவிடும். இறுகிய மண்ணில் வேர் இறங்காது, தண்ணீர் இறங்காது, மண்புழுவும் நுழையாது. உழ வந்த வண்டியே நிலத்தைக் கெட்டியாக்கினால் என்ன பயன்?

பெர்குசன் கண்டுபிடித்த வழி மூன்று கம்பிகள். கலப்பையைத் தொங்கவிட்டு இழுக்காமல், டிராக்டரின் உடம்போடு சேர்த்துவிட்டார். கீழே இரண்டு கம்பிகள், மேலே ஒன்று. கீழ்க்கம்பிகள் கலப்பையை இழுக்கும். மண்ணுக்குள் கொழு மாட்டினால் கலப்பை முன்பக்கமாகக் குப்புறச் சாயப் பார்க்குமல்லவா? அப்போது அதன் தலை மேல்கம்பியைத் தள்ளும். மேல்கம்பி டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். தூக்கப் பார்க்கும் முன்பக்கம் தரையோடு அழுந்திக்கொள்ளும். வண்டியைக் கவிழ்க்க வந்த விசையே அதைக் கவிழாமல் காக்கிறது! அதோடு கலப்பையின் எடையும் மண் அதைக் கீழே இழுக்கும் விசையும் பின்சக்கரங்களின்மேல் ஏறிக்கொள்ளும். நாணயம் அடுக்கிய அழிரப்பர் நினைவிருக்கிறதா? வண்டி இலேசாகவே இருக்கலாம். உழும்போது மட்டும் தேவையான எடை தானாக வந்து உட்காரும். நம் ஊர் மெக்கானிக்குகள் அந்த மேல்கம்பியை ‘டாப் லிங்க்’ என்பார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது இனிமேல்தான் வருகிறது.

மதுராந்தகம் பக்கத்தில் என் தாத்தா ஏர் ஓட்டியதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். மாடுகள் முன்னே போகும். அவர் பின்னால் ஒரு கையால் மேழியைப் பிடித்தபடி நடப்பார். மேழி என்பது கலப்பையின் கைப்பிடி. அவர் சும்மா பிடித்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். இல்லை. மண் கெட்டியானால் அது கைக்குத் தெரியும். மாடு திணறுவதற்கு முன்பே கொழுவைக் கொஞ்சம் மேலே வரவிடுவார். இளகிய மண் வந்தால் மறுபடி இறக்குவார். அழுத்துவதும் தளர்த்துவதுமாக அந்தக் கை ஓயாமல் மண்ணோடு பேசிக்கொண்டே இருக்கும்.

டிராக்டர் வந்ததும் அந்தக் கை போய்விட்டது. ஓட்டுபவர் முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், மண்ணின் செய்தியை அவருக்குச் சொல்ல யாருமில்லை. பெர்குசன் அந்தக் கையை மேல்கம்பியில் வைத்தார். மண் கெட்டியாகும்போது மேல்கம்பி அதிகமாக அழுந்தும். அது ஒரு கனத்த சுருள்வில்லை நெருக்கும். வில் நெருங்கினால் ஒரு வால்வு திறக்கும். அழுத்தத்தோடு எண்ணெய் பாய்ந்து, கலப்பையைத் தாங்கும் இரண்டு இரும்புக் கைகளைக் கொஞ்சம் தூக்கும். மண் இளகினால் வில் விரியும், கைகள் இறங்கும். மூடிய இடத்தில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று பாஸ்கல் விதியில் படித்திருப்பீர்களே, அது வயலில் வேலை செய்யும் இடம் இது. கலப்பையின் ஆழத்தைத் தானாகச் சரிசெய்யும் இந்தக் கருத்துக்கு 1926-இல் பெர்குசன் காப்புரிமை பெற்றார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் அவருடைய சிறிய சாம்பல் நிற டிராக்டர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல் உருவாயின. அவற்றில் சில, பனியில் போகச் சக்கரங்களைச் சுற்றிப் பட்டை மாட்டிக்கொண்டு தென் துருவத்துக்கே போயின! எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4 அன்று துருவத்தை அடைந்தது அந்த டிராக்டர்களில்தான். 1953-இல் பெர்குசன் நிறுவனம் கனடாவின் மாஸி ஹாரிஸுடன் இணைந்தது. அந்தக் குடும்பத்து வண்டிதான் செம்பியத்துக்கு வந்தது. இன்று எந்த நிறுவனத்து டிராக்டரைப் பார்த்தாலும் பெரும்பாலும் பின்னால் அதே மூன்று கம்பிகள் இருக்கும்.

கிளிநொச்சியில் நான் பார்த்தது அதைத்தான். ஒன்பது கொழுக் கலப்பை புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. ஓர் இடத்தில் எஞ்சினின் குரல் தடித்தது. இரும்புக் கைகள் ஒரு விரற்கடை உயர்ந்தன. நாலடி போனதும் மெல்ல இறங்கின. ஓட்டிய இளைஞர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத் தாத்தாவின் மணிக்கட்டு நினைவுக்கு வந்தது.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தள்ளி நின்ற டிரெய்லரைக் காட்டினார். அங்கே அதைப் ‘பெட்டி’ என்பார்கள். இலங்கையில் உள்நாட்டுப் போர் நடந்த நாட்களில் இப்படிப்பட்ட பெட்டிகளில்தான் சட்டி பானை, பாய், கோழி, குழந்தைகள் என்று குடும்பம் குடும்பமாக ஏற்றிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போனார்கள். “உழுறதுக்கு மட்டுமில்லைப் பிள்ளை” என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஊர் திரும்பியபின் சென்னையிலும் என் கண் டிராக்டரைத் தேடுகிறது. மெரினாவுக்கு விடிவதற்குள் போனால், மணலைச் சலித்துக் குப்பை எடுக்கும் இயந்திரத்தை டிராக்டர் இழுத்துப் போவதைப் பார்க்கலாம். கார் புதையும் அந்த மணலில் அது எப்படிப் போகிறது? பின்சக்கரம் பெரியது, அகலமானது. எடை அதிகப் பரப்பில் பரவுகிறது. கார் டயரில் சதுர அங்குலத்துக்கு முப்பது பவுண்டு அளவில் காற்றழுத்தம் இருக்கும். வயலில் ஓடும் டிராக்டரின் பின்டயரில் அதில் பாதி அளவே போதும். அதனால் டயர் சற்றுத் தட்டையாகி மண்ணில் நன்றாகப் படியும். இன்னொன்று தெரியுமா? உழவுக்குப் போகும் பல டிராக்டர்களின் பின்டயருக்குள் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள், எடைக்காக! வேலை முடிந்தால் திறந்துவிட்டுவிடலாம்.

டிராக்டரைத் தேடும் கண்ணுக்கு ஊரின் பழைய முகமும் தெரிகிறது. மந்தைவெளி என்ற பெயரில் மாடுகள் மேய்ந்த வெளி இருக்கிறது. தி. நகர் இருக்கும் இடத்தில் நூறு ஆண்டுகளுக்கு முன் நீளமான ஓர் ஏரி இருந்தது. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலை அந்த ஏரியைப் பார்த்த சாலை. 1920-களில் ஏரியைத் தூர்த்து நகர் அமைத்தார்கள். செம்பியத்தில் முதல் டிராக்டர் உருண்டு வெளியே வந்தபோது தி. நகரில் உழுவதற்கு நிலம் இல்லை.

அடுத்த முறை சிக்னலில் ஒரு டிராக்டர் உங்கள் பள்ளி வேனுக்கு முன்னால் நின்றால் அதன் முதுகைப் பாருங்கள். செங்கல் ஏற்றிய டிரெய்லர் மறைக்கும். கொஞ்சம் எட்டித்தான் பார்க்க வேண்டும். கீழே இரண்டு, மேலே ஒன்று.