தண்ணீரே எமன்! வாடும் மணி பிளாண்டைப் பிழைக்க வைப்பது எப்படி?

வீட்டு வாசலில் மணி பிளாண்ட் கொடி இருக்கிறது. நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அப்படியிருந்தும் ஒரு நாள் இலை மஞ்சளாகிறது. கொடி தலையைத் தொங்கப் போடுகிறது.

"ஐயோ, வாடிவிட்டதே!" என்று பதறிப்போய், இன்னொரு செம்பு தண்ணீரை ஊற்றுகிறார்கள்.

அந்தச் செம்புத் தண்ணீர்தான் அதைக் கொல்கிறது!

செடி வாடினால் அதற்குத் தாகம் என்று நினைப்பது வழக்கம். பல சமயம் அது சரிதான். ஆனால், மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடுகிறதா? அப்படியானால் அதற்குத் தாகம் இல்லை. மண்ணுக்குள் அதன் வேர் அழுகிக்கொண்டிருக்கிறது.

வேரும் மூச்சு விடும்

மனிதனைப் போலவே வேருக்கும் மூச்சு வேண்டும்.

மண் துகள்களுக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளிகள் இருக்கின்றன. அவற்றில் காற்று இருக்கிறது. அந்தக் காற்றில் உள்ள பிராணவாயுவை வேர் எடுத்துக்கொள்கிறது. அதைக் கொண்டுதான் அது வேலை செய்கிறது.

ஓயாமல் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? இடைவெளி முழுவதும் தண்ணீர் நிரம்பிவிடும். காற்று வெளியேறிவிடும். தண்ணீரிலும் பிராணவாயு கரைந்திருக்கும். ஆனால், காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10 ஆயிரம் மடங்கு மெதுவாகத்தான் தண்ணீரில் அது பரவும். இருக்கிற கொஞ்சத்தையும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் தீர்த்துவிடும். வேர் மூச்சுத் திணறும்.

திணறுகிற வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால், தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் இலைக்கு ஒரு சொட்டுகூடச் சரியாகப் போய்ச் சேருவதில்லை. அதுதான் வாட்டம்.

நீந்தி வரும் எதிரி

இப்படி நலிந்த வேரைத் தேடி ஓர் எதிரி வரும். அதன் பெயர் பித்தியம். பார்த்தால் பூஞ்சக்காளான் மாதிரி இருக்கும். ஆனால், பூஞ்சக்காளானைவிடக் கடல் பாசிக்குத்தான் அது நெருங்கிய உறவு.

அதன் வித்து கண்ணுக்குத் தெரியாது. அந்த வித்துக்கு வால் உண்டு. ஒன்றல்ல, 2 வால்! மண்ணில் தேங்கிய தண்ணீரில் நீந்தி வந்து வேரில் ஒட்டிக்கொள்ளும். பிறகு வேரைத் தின்னத் தொடங்கும். மண் காய்ந்திருந்தால் அதற்கு நீந்த வழி கிடையாது.

இந்த எதிரியை இந்தியாவில் இருந்து ஆராய்ந்தவர் எட்வின் ஜான் பட்லர். அயர்லாந்து நாட்டில் பிறந்தவர். மனிதர்களுக்கு வைத்தியம் செய்யப் படித்துவிட்டு, செடிகளுக்கு வைத்தியம் பார்க்க வந்தவர்! பீகார் மாநிலத்தில் பூசா என்ற ஊரில் இருந்த விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் அவர் வேலை பார்த்தார். பித்தியம் இனத்தைப் பற்றி 1907-ம் ஆண்டில் பெரிய ஆராய்ச்சி நூல் எழுதினார். சூரத் பக்கத்தில் இஞ்சிக் கிழங்கு அழுகுவதற்கும் இந்த இனமே காரணம் என்று அவர் எழுதினார். வாசலில் இருக்கும் தொட்டியில் நடப்பதுதான் இஞ்சி வயலிலும் நடக்கிறது. அங்கே ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானமே போய்விடும்.

பாட்டிலில் பிழைக்கிறதே!

இங்கே ஒரு சந்தேகம் வரும். மணி பிளாண்டைத்தான் பாட்டில் தண்ணீரிலேயே வளர்க்கிறார்களே! அங்கே அழுகாத வேர், தொட்டியில் மட்டும் ஏன் அழுகுகிறது?

நல்ல கேள்விதான்.

பாட்டிலில் முளைத்த வேர், பிறந்ததில் இருந்தே தண்ணீருக்குப் பழகியது. உள்ளே காற்றுப் போவதற்கு ஏற்ற மாதிரி அது வளர்கிறது. தண்ணீரும் தெளிந்த தண்ணீர். அதில் மக்கும் குப்பை கிடையாது. ஆகவே, பிராணவாயுவைத் தின்னும் நுண்ணுயிர்களும் குறைவு. தண்ணீரை மாற்றும்போது புதுக் காற்றும் கலந்து வருகிறது.

தொட்டியில் உள்ள வேர், மண்ணில் காற்றோடு வளர்ந்தது. அதைத் திடீரென்று சேற்றில் அமுக்கினால் தாங்காது.

(பாட்டில் தண்ணீரை வாரம் ஒரு முறையாவது கொட்டி மாற்ற வேண்டும். டெங்கு பரப்பும் கொசு முட்டையிட அந்தத் தண்ணீர் போதும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுக்கும் இதே கதைதான்.)

அறுவைச் சிகிச்சை

செடியைக் காப்பாற்ற முடியுமா? முடியும். ஆனால், வெளியே எடுத்துப் பார்க்காமல் முடியாது. "செடியைப் பிடுங்குவதா?" என்று பலர் தயங்குகிறார்கள். தயங்கும் ஒவ்வொரு நாளும் அழுகல் மேலே ஏறும்.

முதலில் விரலை மண்ணில் 2 அங்குலம் விட்டுப் பார்க்க வேண்டும். சேறாக இருக்கிறதா? சாக்கடை நாற்றம் வருகிறதா? சந்தேகமே வேண்டாம். தொட்டியைச் சாய்த்து, பக்கத்தில் தட்டி, மண்ணோடு செடியை வெளியே எடுக்க வேண்டும். பிறகு குழாய்த் தண்ணீரில் வேரை மெதுவாகக் கழுவ வேண்டும்.

நல்ல வேர் வெளுப்பாக இருக்கும். விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். அதைப் பிடித்து இழுத்தால், மேல்தோல் உறை மாதிரிக் கழன்று கையோடு வரும். உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். இதைப் பார்த்துவிட்டால் பிறகு யாருக்கும் அடையாளம் மறக்காது.

கத்தரிக்கோலைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்து, அழுகிய வேர் அனைத்தையும் வெட்டிவிட வேண்டும். இரக்கம் கூடாது! கொஞ்சம் மிச்சம் வைத்தாலும் அழுகல் அங்கிருந்து மறுபடி கிளம்பும். வேர் பாதி போய்விட்டால், இலையிலும் கொஞ்சம் குறைக்க வேண்டும். மிஞ்சிய சிறிய வேரால் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது.

மணி பிளாண்டின் சாறு பட்டால் சிலருக்குக் கை அரிக்கும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழந்தைகள் இலையைக் கடித்தால் வாய் எரியும். வெட்டிய துண்டுகளைத் தரையில் விடக் கூடாது.

பழைய மண்ணைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. தொட்டியையும் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வைக்க வேண்டும். செம்மண், மணல், மக்கிய உரம் மூன்றையும் சம பங்காகக் கலந்து நடலாம். வேர் குறைந்துவிட்டதால் சின்னத் தொட்டியே போதும். பெரிய தொட்டியில் மண் அதிகம். அது காய நாளாகும்.

தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம் வேண்டும். அடியில் ஜல்லி போட்டுவிட்டால் ஓட்டை தேவையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். இது தவறு. ஜல்லிக்கு மேலே உள்ள மண்ணில் தண்ணீர் அப்படியே தங்கி நிற்கும். பார்வைக்கு அழகான ஓட்டையில்லாத பீங்கான் தொட்டிகளில்தான் செடிகள் அதிகம் சாகின்றன.

நட்டபின் ஒரு முறை தண்ணீர் ஊற்றி, அது வடிந்ததும் தட்டைக் காலி செய்துவிட வேண்டும். வெளிச்சம் உள்ள நிழலில் வைக்க வேண்டும். கடும் வெயில் ஆகாது. புது இலை விடும்வரை ரசாயன உரம் போடவே கூடாது.

டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம் உரக்கடைகளில் பொடியாகக் கிடைக்கிறது. அதைப் புது மண்ணில் கலப்பது நல்லது. வேர் அழுகும் முன்பே போட்டால் அது காவல் காக்கும். அழுகிய வேரை அது திரும்பக் கொண்டு வராது.

வேரே இல்லாவிட்டால்?

முழு வேரும் போய்விட்டாலும் நம்பிக்கை இருக்கிறது.

மணி பிளாண்ட் நம் நாட்டுக் கொடி அல்ல. பசிபிக் கடலில், மூரியா என்ற சின்னத் தீவில் இருந்து வந்தது. வீடுகளில் அது பூப்பது மிக மிக அரிது. 2016-ம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் இதற்குக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். பூப்பதற்குத் தேவையான ஒரு ஹார்மோனை உண்டாக்கும் ஜீன் இதில் வேலை செய்வதில்லையாம்! பூ இல்லை என்றால் விதையும் இல்லை. ஆகவே, ஊரெங்கும் உள்ள மணி பிளாண்ட் ஒவ்வொன்றும் இன்னொரு கொடியில் இருந்து வெட்டிய துண்டுதான்.

அழுகல் ஏறாத பச்சைத் தண்டாகப் பார்த்து வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கணுவும் ஓர் இலையும் இருந்தால் போதும். கணு தண்ணீருக்குள்ளும் இலை வெளியேயும் இருக்குமாறு பாட்டிலில் வைக்க வேண்டும். கணு இல்லாமல் இலையை மட்டும் வைத்தால் கொடி வராது. சில வாரங்களில் வெள்ளை வேர் இறங்கும். அது விரல் நீளம் வளர்ந்ததும் மண்ணில் நடலாம்.

"மணி பிளாண்ட் செத்தால் வீட்டில் பணம் தங்காது" என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் பயப்படத் தேவையில்லை. அதே கொடிதான் பாட்டிலில் உயிரோடு இருக்கிறதே!

ஊற்றுவது யார்?

பல வீடுகளில் செடி அழுகுவதற்குக் காரணம் அன்பு. காலையில் அம்மா ஊற்றுகிறார். தாத்தா மாலையில் ஊற்றுகிறார். பள்ளிவிட்டு வந்த பிள்ளை தன் பங்குக்கு ஊற்றுகிறான். இந்த வேலையை ஒருவரிடம் விட்டுவிட வேண்டும்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை ஊற்றுவது? இதற்குக் கணக்குச் சொல்ல முடியாது. சித்திரை வெயிலில் வேண்டியது வேறு. கார்த்திகை மழையில் வேண்டியது வேறு. விரலை விட்டுப் பார்த்து, 2 அங்குலம் காய்ந்திருந்தால் ஊற்றலாம். தொட்டியைத் தூக்கிப் பார்த்தும் சொல்லலாம். கனத்தால் ஈரம் இருக்கிறது.

துளசி மாடத்துக்கும் இது பொருந்தும். தினமும் பூஜை செய்து தண்ணீர் விடுவதை யாரும் நிறுத்த மாட்டார்கள். நிறுத்த வேண்டியதும் இல்லை. மழைக் காலத்தில் ஒரு செம்புக்குப் பதில் ஓர் உத்தரணி விடலாம். மாடத்தின் அடியில் உள்ள ஓட்டை மண்ணால் அடைபட்டிருக்கிறதா என்று மாதம் ஒரு முறை குச்சி விட்டுப் பார்க்கலாம்.