திரைவாசிப்பான் படிக்குமா நம் பயிற்சித்தாளை?

பார்வையற்ற மாணவர்கள் இன்று கைப்பேசியிலேயே பாடம் படிக்கிறார்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக் என்னும் திரைவாசிப்பான் இருக்கிறது. கணினிக்கு என்.வி.டி.ஏ. இலவசமாகவே கிடைக்கிறது, பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் தொடங்கிய மென்பொருள் அது. இவை திரையில் உள்ள தமிழைக் குரலாக்கித் தரும். ஆனால், திரையில் இருப்பது எழுத்தாக இருக்க வேண்டும்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நாம் அனுப்பும் பயிற்சித்தாள்களில் பல, தாளைப் படமெடுத்து பிடிஎஃப் ஆக்கியவை. நம் கண்ணுக்கு அவை வரிகள். திரைவாசிப்பானுக்கு வெறும் படம். யாராவது வாசித்துக் காட்டும்வரை அந்த மாணவர் காத்திருக்க நேரலாம்.

தமிழில் தட்டச்சு செய்தாலும் ஒரு சிக்கல் உண்டு. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால், கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கில விசைகளே. தமிழ் வடிவம் அவற்றுக்குப் போட்ட சட்டை மட்டும்தான். திரைவாசிப்பானோ உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். மாணவர் காதில் விழுவது பொருளற்ற ஒலி. தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய வினாத்தாளைத் திறந்து, எண்களை மட்டும் மாற்றி அனுப்பும் வழக்கம் இருக்கும்வரை பாமினியும் நம்மோடு இருக்கும்.

சோதிப்பது எளிது. கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தேர்வு செய்யவே முடியவில்லையா? அது படம். ஆங்கில எழுத்துகள் வந்து விழுகின்றனவா? பழைய எழுத்துரு, இணையத்தில் உள்ள எழுத்துரு மாற்றியில் இட்டு ஒருங்குறியாக்கலாம். சில பிடிஎஃப்களில் தமிழ் வந்தாலும் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். அதனால் வேர்டு கோப்பையும் சேர்த்து அனுப்புவதே நல்லது.

படங்களுக்கு வேர்டிலேயே மாற்று உரை எழுத இடமுண்டு. 'பூவின் படம்' என்று எழுதினால் பயனில்லை. 'செம்பருத்திப் பூவின் நீள்வெட்டு. நடுவில் சூலகம், அதன் தண்டைச் சுற்றி மகரந்தத்தாள்கள்' என்றால் பாடம் போய்ச் சேரும். அதே படம் பாகங்களைக் கேட்கும் வினாவில் வந்தால் பெயர்களைச் சொல்லிவிடக் கூடாது. வடிவத்தை மட்டும் விவரிக்க வேண்டும். இந்த வேறுபாடு பாடம் நடத்துபவருக்குத்தான் தெரியும், எந்த மென்பொருளுக்கும் தெரியாது.

காணொலி அனுப்பும்போது, செவித்திறன் குறைந்த மாணவருக்காக வசன வரிகளைச் சேர்க்க வேண்டும். யூடியூப் தானாக எழுதும் வரிகளை ஒருமுறை படித்துத் திருத்திவிடுங்கள். அறிவியல் சொற்களில்தான் அது அதிகம் தடுமாறுகிறது.