கள்ளத்தோணி: கடற்காவலும் எண்பிக்கும் பொறுப்பும்

'கள்ளத்தோணி' என்னும் சொல் முதலிற் சுட்டியது ஒரு கலத்தை. நாளடைவில் அது கலத்தில் வந்த ஆளைச் சுட்டிற்று. பின்னர், தோணியையே கண்டிராத, மலைநாட்டில் தலைமுறைகளாகப் பிறந்து வளர்ந்த தொழிலாளியையும் சுட்டலாயிற்று. இப்பொருள் மாற்றம் மொழியியலாளர் மட்டும் ஆராயவேண்டிய ஒன்றன்று. இலங்கை அரசின் எல்லைக்காவல் கரையிலிருந்து உள்நாட்டை நோக்கி நகர்ந்த வரலாறு அதனுள் அடங்கியுள்ளது. அவ்வரலாற்றைக் குடாநாட்டின் வடகரையில் நின்று நோக்க இக்கட்டுரை முற்படுகிறது.

காங்கேசன்துறைக்கும் கோடிக்கரைக்கும் இடைப்பட்ட கடல் 60 கிலோமீற்றருக்கும் குறைந்தது. வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய துறைகளிலிருந்து தென்னிந்தியத் துறைகளுக்குக் கலங்கள் சென்று வந்தமை நெடுங்கால வழக்கு. தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தவரை, வழியமைத்துக் கொடுத்ததே அரசுதான். இந்திய மண்ணிலுள்ள மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் அவர்கள் நோய்த்தடுப்புக்காகத் தங்கவைக்கப்பட்டுத் தலைமன்னார் வழியாக அனுப்பப்பட்டனர். பெருந்தோட்ட முதலாளிகளுக்கு மலிவான உழைப்புத் தேவைப்பட்டவரை எல்லை ஒரு பிரச்சினையாக எழவில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் யார் இந்நாட்டவர் என்பதை வரையறுத்தது. அதே ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் 1949 நவம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. கடவுச்சீட்டு, விசா, அங்கீகரிக்கப்பட்ட துறை, வெளியேற்றக் கட்டளை ஆகியன அன்றுமுதல் பாக்குநீரிணைப் பயணத்துக்குரிய சொற்களாயின. உறவினரைக் காணவும் வேலை தேடவும் வழக்கமாகக் கடந்து வந்த கடலை அதே முறையிற் கடப்பது அன்றுமுதல் குற்றமாயிற்று.

சட்டம் இயற்றுவதிலும் கடலைக் காப்பது கடினமானது. 1950இல் நிறுவப்பட்ட கடற்படையின் சுற்றுக்காவலுக்கும் பொலிசாருக்கும் துணையாக 1952இல் 'மொண்டி நடவடிக்கை' என்ற பெயரில் இராணுவம் ஈடுபடுத்தப்பட்டது. 1963இல் அது விரிவாக்கப்பட்டுக் கள்ளக் குடிவரவுத் தடுப்புப் படைப்பிரிவாக்கப்பட்டது, 1981இலேயே கலைக்கப்பட்டது. வடகடற் கரையோர மக்கள் படையினரோடு கொண்ட பரிச்சயம், பின்னாளைய போருக்கு வெகு முன்னரே, இவ்வாறுதான் தொடங்கியது எனலாம். கள்ளமாக வந்தோர் எவருமிலர் என்பதன்று எமது வாதம். வந்தனர், அவர்களை ஏற்றியிறக்கிப் பொருளீட்டிய தோணிக்காரரும் நம் கரைகளில் இருந்தனர். ஆனால், நிலவில்லா இரவில் மணற்கரையில் இறங்கி ஊருக்குள் மறைந்த ஒருவரைப் பின்னர் எவ்வாறு அடையாளங் காண்பது? இவ்வினாவுக்கு அரசு கண்ட விடையே நமது கவனத்துக்குரியது.

1954 சனவரியிற் கைச்சாத்தான நேரு–கொத்தலாவலை ஒப்பந்தத்தில் அவ்விடை எழுத்தில் உள்ளது. வாக்காளர் இடாப்பில் இல்லாத வயதுவந்தோர் அனைவரையும் இலங்கை அரசு பதிவுசெய்யும்; பதிவு முடிந்தபின், பதிவுபெறாத ஒருவரின் தாய்மொழி இந்திய மொழியாயின் அவர் இந்தியாவிலிருந்து கள்ளமாகக் குடிவந்தவர் என்றே ஊகிக்கப்படுவார்; அவர் நாடுகடத்தப்படவும் கூடும். மேலும், கள்ளக் குடிவரவாளர் அல்லர் என்பதை எண்பிக்கும் பொறுப்பைக் குற்றஞ்சாட்டப்பட்டவர்மீதே சுமத்தும் திருத்தச் சட்டமூலத்தை இலங்கை முன்னெடுக்கலாம் எனவும் இணங்கப்பட்டது. வழக்குத் தொடருமுன் இந்திய உயர்ஸ்தானிகருக்கு வாய்ப்பளிக்கப்படும் என்ற காப்பு இருந்ததாயினும், இறுதி முடிவு இலங்கை அரசினுடையதே.

குற்றவியல் நீதியின் பொதுநெறி, குற்றத்தை அரசு எண்பிக்கவேண்டும் என்பது. இங்கே அது தலைகீழாக்கப்பட்டது. தோணியைப் பிடிக்க இயலாத அரசு, மொழியைப் பிடித்தது. பிறப்புச் சான்றிதழ் அரிதாகவிருந்த லயங்களில் வாழ்ந்தோர், தாம் கடல் கடந்து வரவில்லை என்பதற்கு எப்பத்திரத்தைக் காட்டுவர்? 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. எஞ்சியோர் நாடற்றவராயினர். 1964 ஒக்ரோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. எவரிடமும் விருப்பம் கேளாமலே எண்கள் முடிவாயின. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972 முதல் அடையாள அட்டை வழங்கப்பட்டது. எல்லை இப்போது சட்டைப்பைக்குள் வந்துவிட்டது.

இவற்றையெல்லாம் கொழும்பின் செயலென மட்டும் கூறி யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கம் விலகிக்கொள்ள இயலாது. 'தோட்டக்காட்டான்', 'வடக்கத்தியான்' என்ற சொற்கள் நம் வீட்டுத் திண்ணைகளிலும் வழங்கியவை. 1977 வன்செயலின் பின் வன்னிக்கு வந்த மலையகக் குடும்பங்கள் அவற்றைக் கேட்டே வாழ்ந்தன.

1983 சூலையின் பின் தோணிகள் எதிர்த்திசையிற் சென்றன. குடாநாட்டிலிருந்தும் மன்னாரிலிருந்தும் கடவுச்சீட்டின்றிப் புறப்பட்டோர் பலரை ஏற்றது அதே மண்டபம் முகாம். இந்தியச் சட்டத்தில் அகதி என்றொரு வகை இல்லை. ஆகவே ஆவணமின்றி வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி' ஆனார். 2003ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தகையோர்க்குக் குடியுரிமை வழியை அடைத்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்த சில சமயத்தவர்க்கு வழிதிறந்து, இலங்கைத் தமிழரை விட்டுவிட்டது. 2025 செப்டம்பரில் வந்த ஆணை, 2015 சனவரி 9 வரை வந்து பதிவுபெற்ற இலங்கைத் தமிழ் அகதிகளுக்குத் தண்டனை விதிகளிலிருந்து விலக்களித்தது; குடியுரிமை அளிக்கவில்லை. இதற்கிடையில், 2022 மார்ச்சில் பொருளாதார நெருக்கடி தாங்காது மேலும் சில குடும்பங்கள் தனுஷ்கோடியில் இறங்கின.

திரும்பி வருவோர் நிலையும் வேறன்று. 2025 மே மாதத்தில், போர்க்காலத்திற் சென்று தமிழ்நாட்டு முகாமில் வாழ்ந்த முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கியபோது கைதுசெய்யப்பட்டார். அங்கீகரிக்கப்பட்ட துறை வழியாக அன்றி நாட்டைவிட்டு வெளியேறினார் என்பதே அவர்மீதான குற்றச்சாட்டு. அதற்கு ஆதாரமான சட்டம், 1949 நவம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அதே குடிவருவோர் குடியகல்வோர் சட்டமாகும்.