சுக்கான் யார் கையில்?

2014 ஜனவரி 30 அன்று விசாகப்பட்டினம் துறைமுகத்துக்குத் திரும்பும் வழியில் இந்தியக் கடற்படைக் கப்பல் ஐ.என்.எஸ். ஐராவத் தரை தட்டியது. உயிர்ச்சேதம் இல்லை. புரொப்பல்லர் சேதமடைந்தது. சில நாட்களில் கேப்டனைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். பத்திரிகைகளில் செய்தி அத்தோடு முடிந்தது.

ஐராவத் எப்படிப்பட்ட கப்பல் என்று தெரிந்தால் இது அத்தனை சின்னச் செய்தியாகப் படாது. பத்து டாங்கிகளையும் ஐந்நூறு வீரர்களையும் ஏற்றிக்கொண்டு போய், துறைமுகமே இல்லாத கரையில் முகப்பை மணலில் ஏற்றி நிறுத்தி, கதவைத் திறந்து இறக்கிவிட்டுப் பின்வாங்கக் கட்டப்பட்டது அது. 2020-இல் சூடானுக்கு உணவுப் பொருள் கொண்டு போனதும், 2021 கொரோனா அலையில் சிங்கப்பூரிலிருந்து ஆக்சிஜன் சிலிண்டர்களை ஏற்றி வந்ததும் இதே கப்பல்தான். எந்த ஓதத்தில், எந்த வேகத்தில், எவ்வளவு ஆழத்தில் தரையைத் தொடலாம் என்று கணக்குப் பார்ப்பதே அதன் மாலுமிகளின் அன்றாட வேலை. அப்படிப்பட்ட கப்பல் தன் வீட்டு வாசலில் தரை தட்டினால், கேப்டன் ஒருவரை இறக்கிவிட்டுக் கணக்கை முடித்துவிட முடியாது. அவருக்குக் கீழே யார் யார் காவலில் இருந்தார்கள், அவர்களுக்கு என்ன பயிற்சி கொடுத்திருந்தார்கள், யார் எதைச் சரிபார்த்தார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அந்தக் காலகட்டத்தில் ஐராவத் மட்டும் அடிபடவில்லை. 2013 ஆகஸ்டில் மும்பையில் சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து 18 பேர் இறந்தார்கள். 2014 பிப்ரவரி 26-இல் சிந்துரத்னாவில் தீப்பிடித்து இரண்டு அதிகாரிகள் பலியானார்கள். அன்றே கடற்படைத் தளபதி டி.கே. ஜோஷி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அது பெரிய மனதுள்ள செயல். ஆனால் பின்னால் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, ஒருவரின் ராஜினாமாவால் தீராத விஷயத்தைச் சொன்னது. 2007-08 முதல் 2015-16 வரை கடற்படைக் கப்பல்களும் நீர்மூழ்கிகளும் 38 விபத்துகளில் சிக்கி 33 உயிர்கள் போயிருந்தன. அதில் 13 விபத்துகள் தரை தட்டியவை, மோதியவை, உரசியவை. பாதுகாப்பை மட்டுமே கவனிக்கும் நிரந்தர அமைப்பு கடற்படையில் தொடக்கத்திலிருந்தே இல்லை என்றும் அறிக்கை சுட்டிக்காட்டியது.

கப்பலின் மேல்தளத்தில் உண்மையில் என்ன நடக்கிறது? இந்தியக் கடற்படையின் விசாரணை அறிக்கைகள் பொதுவெளிக்கு வருவதில்லை என்பதால் நியூசிலாந்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. 2024 அக்டோபர் 5 மாலை, சமோவா நாட்டின் உபோலு தீவுக்குத் தெற்கே கடலடிப் பாறைகளை அளந்துகொண்டிருந்தது மனவானுயி என்ற நியூசிலாந்துக் கடற்படைக் கப்பல். கரை நெருங்கியதும் திருப்பச் சொன்னார்கள். கப்பல் திரும்பவில்லை. திசைதிருப்பும் த்ரஸ்டர்கள் பழுதாகிவிட்டன என்று நினைத்து, அந்தப் பழுதுக்கான வழிகளைத் தேடினார்கள். எந்திரத்தில் பழுதே இல்லை. ஆட்டோ பைலட் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டுச் சுக்கானைக் கையில் எடுத்திருந்தால் கப்பல் திரும்பியிருக்கும். அந்தச் சுவிட்சைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வேகம் கூடிக் கரையை நோக்கியே போய்ப் பாறையில் ஏறியது. 75 பேரும் உயிர் தப்பினார்கள். மறுநாள் காலை கப்பல் மூழ்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நியூசிலாந்து கடற்படை கடலில் பறிகொடுத்த முதல் கப்பல் அது. டீசல் கசிந்ததால் சமோவா மீனவர்கள் அந்தப் பகுதியில் வலைவீச மாதக்கணக்கில் தடை இருந்தது.

கேப்டன் ஒரு பெண் என்பதால் சமூக வலைதளங்களில் கேவலமான பேச்சு கிளம்பியது. அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் ஜூடித் காலின்ஸ் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். 2025 ஏப்ரலில் வெளியான முழு அறிக்கை அந்தப் பேச்சுக்கெல்லாம் சரியான பதில். மனிதத் தவறுதான் என்று ஒப்புக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது என்று அறிக்கை பின்னோக்கிப் போகிறது. அந்தக் கப்பலுக்கென்று தனியாகத் தேவைப்பட்ட பயிற்சியில் குறை, இடர் கணிப்பில் குறை, அனுபவசாலிகள் விலகிப் போனதால் கடற்படைக்குள் விழுந்த பள்ளம் எல்லாமே அதில் இருக்கின்றன. கப்பலை விலைக்கு வாங்கிவிடலாம். அதை ஓட்டும் ஆளை வளர்த்துத்தான் எடுக்க முடியும்.

அமெரிக்காவுக்கும் இதே பாடம் கிடைத்தது. 2024 செப்டம்பரில் ஓமான் கடலோரம் அவர்களின் எண்ணெய் வழங்கு கப்பலான பிக் ஹார்ன் அடிபட்டு நீர் புகுந்தது. ஒரு விமானந்தாங்கிப் படையணிக்கே எரிபொருள் கொடுத்து வந்த கப்பல் அது. மாலுமிகள் போதாமல் துணைக் கப்பல்களைக் கரையில் கட்டிப்போடலாமா என்று அந்நாடு யோசித்துக்கொண்டிருந்த நேரம்.

இதெல்லாம் நமக்கென்ன என்று குமரி மாவட்டக் கரையில் ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை ஒருவரும் கேட்க மாட்டார்கள். கிழக்கிலிருந்து மேற்குக்கும் மேற்கிலிருந்து கிழக்குக்கும் போகும் கப்பல்கள் குமரிமுனைக்குத் தெற்கே கடந்தாக வேண்டும். தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் படகுகள் தொழில் செய்வதும் அந்தப் பாதைகளின் ஓரத்தில்தான். 2018 ஆகஸ்ட் 7 அதிகாலை, கேரளத்தின் முனம்பத்திலிருந்து கிளம்பிய ஓஷியானிக் என்ற மீன்பிடிப் படகின் மேல் ஒரு கப்பல் ஏறியது. செத்தவர்களிலும் காணாமல் போனவர்களிலும் பெரும்பாலோர் நம் குமரிக் கரையின் இராமன்துறை ஆட்கள். மோதிய கப்பல் நிற்காமல் போனது. தேஷ் சக்தி என்ற எண்ணெய்க் கப்பலைச் சந்தேகித்துப் பிடித்து, கேப்டன் உள்ளிட்டோரைக் கைது செய்தார்கள். ராடார், ஏ.ஐ.எஸ்., ஜி.பி.எஸ். எல்லாம் இருக்கும் காலத்தில், நடுராத்திரிக் காவலில் நிற்பவர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை என்றால் இராமன்துறையில் பந்தல் போட வேண்டியிருக்கிறது.

நம் படகுகளில் ஒருவன் சுக்கான் பிடிக்க எத்தனை காலமாகிறது என்று பாருங்கள். முதலில் சமையலுக்குத் துணை, பிறகு ஐஸ் வெட்டுவது, மீன் தரம் பிரிப்பது, வலை இழுப்பது. கொஞ்சம் தேறிய பிறகு ராத்திரி, படகை ஓட்டும் ஸ்ராங்க் பக்கத்தில் நிற்க விடுவார்கள். எக்கோ சவுண்டரில் ஆழம் குறைந்தால் ஸ்ராங்க் கேட்பார்: “இது பாரா (கடலடிப் பாறையா), மீன் கூட்டமா?” தப்பாகச் சொன்னால் திட்டு விழும். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, தூரத்து விளக்கு சிவப்பா பச்சையா, அது நம்மைக் கடந்து போகுமா, நம் மேலே வருமா என்பதெல்லாம் இப்படித்தான் மனசில் பதியும். கருவி இருந்தாலும் கண் மூடாது. இந்த அறிவு எவ்வளவு பெரிது என்பது 2017-இல் ஒக்கி புயல் அடித்தபோது தெரிந்தது. தேடுதல் கப்பல்களில் மீனவர்களையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. நம் ஆட்கள் எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் கிடப்பார்கள் என்று சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

இதே கடலோரப் பையன்கள் இப்போது சரக்குக் கப்பல் வேலைக்குப் போகிறார்கள். போகட்டும், நல்ல வேலை. ஆனால் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, ஒழுங்கான பயிற்சியில்லாமல் சான்றிதழை மட்டும் கையில் கொடுக்கும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் சேர்த்த நகையை அடகு வைத்து அனுப்பும் அம்மாவுக்கு, மகன் ஏறும் கப்பலின் நிலை தெரியாது. 2012 அக்டோபர் 31, நீலம் புயல் அன்று சென்னைக் கரையில் தரை தட்டிய பிரதிபா காவேரி நினைவிருக்கும். மாலுமிகள் சம்பளம் இல்லாமல், சாப்பாட்டுக்கும் குடிநீருக்கும் அல்லாடி நின்ற எண்ணெய்க் கப்பல் அது. மணலில் மாட்டியதும் ஒரு பகுதியினர் உயிர்காப்புப் படகில் இறங்கினார்கள். அலை அதைக் கவிழ்த்தது. ஆறு பேர் இறந்தார்கள், எல்லாரும் இளைஞர்கள். கப்பலிலேயே இருந்தவர்களை மறுநாள் ஹெலிகாப்டரில் மீட்டார்கள். எப்போது கப்பலை விட்டு இறங்க வேண்டும், எப்போது இறங்கவே கூடாது என்று சொல்லித் தரும் பயிற்சியும், அந்த நேரத்தில் உறுதியாகக் கட்டளையிடும் ஒரு குரலும் இருந்திருந்தால் அந்த ஆறு பேரும் வீடு திரும்பியிருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

நியூசிலாந்து தன் அறிக்கையில் மறைக்க வேண்டிய வரிகளைக் கறுப்படித்துவிட்டு மீதியை ஊரறிய வெளியிட்டது. நம் கடற்படையும் அப்படிச் செய்யலாம். ஐராவத் விபத்துக்கு இப்போது வயது பத்துக்கு மேல். அதில் இனி என்ன ராணுவ ரகசியம் மிச்சமிருக்கும்? கப்பல் போக்குவரத்து இயக்குநரகமும், படகில் மோதிய ஒவ்வொரு கப்பல் பற்றியும் காவலில் நின்றவரின் பயிற்சி, ஓய்வு நேரம், கண்காணித்த முறை மூன்றையும் எழுதித் தர வேண்டும். நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் அதைத் தமிழில் வாசிக்க வேண்டும். இராமன்துறைக் குடும்பங்கள் முன்வரிசையில் இருக்கட்டும். அடுத்த மாதம் கப்பலேறப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் பையன்களையும் அழைத்து உட்கார வையுங்கள்.