உங்களுக்குத் தெரியுமா? நடவுக்கு முன்பே முளைவிடும் உருளைக்கிழங்கு

பிரிட்டனில் குளிர்காலம் முடியும் முன்பே, பிப்ரவரியில், வீட்டுக் காய்கறித் தோட்ட வேலை ஜன்னலோரத்தில் தொடங்கிவிடுகிறது. விதை உருளைக்கிழங்குகளைக் கண்கள் மிகுந்த முனை மேலே இருக்கும்படி முட்டை அட்டைகளில் அடுக்கி, உறைபனி படாத, சுமார் 10 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள இடத்தில் வைக்கிறார்கள். வெளிச்சம் மிக முக்கியம். இருட்டில் முளை வெளிறி, நீண்டு, தொட்டாலே ஒடியும். வெளிச்சத்தில் குட்டையாகவும் தடித்தும் வளரும். தோல் பச்சையாவது நடவுக்குக் கேடல்ல. ஆனால் சொலனின் என்னும் நஞ்சு சேர்வதால் அந்தக் கிழங்கைச் சமைக்கவே கூடாது. 4 முதல் 6 வாரங்களில் முளை 2 அல்லது 3 சென்டிமீட்டர் ஆகும். அதற்குள் பாத்தியில் மட்கிய உரம் பரப்பப்படுகிறது. சொதசொதவென்ற மண்ணை மிதித்தால் அது இறுகிக் காற்றோட்டம் கெடும். மார்ச் பிற்பகுதியில் மண் சூடேறத் தொடங்கியதும் முன்பருவ ரகங்கள் நடப்படுகின்றன.